குறிப்பின் மூன்றாவது வரி

ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு பூங்கொத்தும் ஒரு சான்றிதழும் தந்தார்கள். கூடவே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பணியில் அறிந்த எதையும் சாகும்வரை வெளியே சொல்லமாட்டேன் என்பது அதன் சாரம். பூங்கொத்து நாலு நாளில் வாடிவிட்டது. சான்றிதழ் எந்த இழுப்பறையில் கிடக்கிறதோ தெரியாது. தாள் மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது.

நீங்கள் மூவரும் இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். போன மாதம் என் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டு, "அக்கா, உங்கட அனுபவங்களை எழுதித் தாங்கோவன், எங்களுக்கு உதவும்" என்று கேட்டீர்கள். பேச்சுவார்த்தை மேசையில் எப்படி வெல்வது, மறுபக்கத்தின் முகத்தை எப்படிப் படிப்பது என்றெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய புத்தகங்கள் விமான நிலையங்களில் விற்கின்றன. நான் எழுதப்போவது நான் எழுதிய ஒரு வரியைப் பற்றி.

தமிழில் எழுதுகிறேன். ஜேர்மன் மொழியில் எழுதினால் முதலில் அலுவலகம் வாசிக்கும், பிறகுதான் நீங்கள் வாசிப்பீர்கள். உங்களை யாரென்று காட்டக்கூடிய எதையும் இதில் எழுதமாட்டேன். ஊர், படிப்பு, எந்தப் பிரிவில் இருக்கிறீர்கள் என்பது, ஒன்றுமே இல்லை. நான் பேசப்போகும் நாட்டின் பெயரும் இல்லை. அணுத்திட்டம் பற்றிச் சந்தேகிக்கப்பட்ட ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டுப் பேராசிரியர் ஒருவரைப் பற்றிச் சொல்வேன். அவர் தேநீர் குடிக்கும் விதத்தைக்கூட எழுதமாட்டேன். இந்தக் கவனம் எனக்குக் காலம் கடந்துதான் வந்தது.

நான் இராஜதந்திரி அல்ல. பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, டோர்ட்மண்டில் மொழி படித்து, இயற்பியல் படித்து, பிறகு அரசுப் பணியில் சேர்ந்தவள். பேச்சுவார்த்தைகளில் என் இடம் இரண்டாம் வரிசை. தூதுவர் மேசையில் இருப்பார். அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் நான் இருப்பேன். மறுபக்கம் ஓர் இயந்திரத்தைப் பற்றி ஏதாவது சொன்னால், அது நடக்கக்கூடியதா, கதையா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி முன்னால் நீட்டுவேன். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தத் துண்டுத் தாள்களைப் பார்த்துத்தான் முதல் வரிசை பேசும்.

மறுபக்கத்தின் இரண்டாம் வரிசையில் பேராசிரியர் இருந்தார். எனக்கு நேர் எதிரே. அவரும் என்னைப் போலத் துண்டுத் தாள் நீட்டுபவர்தான். முதல் இரண்டு சுற்றுகளில் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. மூன்றாவது சுற்று ஜேர்மனியில் ஓர் ஆற்றங்கரை ஹோட்டலில் நடந்தது. இடைவேளையில் நான் பரிமாறும் பெண்ணிடம் ஜேர்மன் மொழியில் வெந்நீர் கேட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல், அதே மொழியில், "எனக்கும் சேர்த்துக் கேளுங்கள்" என்றது. திரும்பினால் அவர்.

இளமையில் இங்கே படித்தவராம். என் உச்சரிப்பில் டோர்ட்மண்டைச் சுற்றிய ரூர்ப் பகுதியின் வாடை அடிக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய மொழி சுத்தமானது, கொஞ்சம் பழையது. இந்த நாட்டுக்காரர்கள் இப்போது பேசாத சொற்களையெல்லாம் அவர் பேசுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. தன் மகளுக்கும் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார்.

"அவளுக்கு இலக்கணம் பிடிக்காது. ஆனால் நான் கேட்டால் என்னோடு பேசுவாள், எனக்காக" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் பேசினோம். வானிலை, பிள்ளைகள், முதுகுவலி. வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு பேருக்கும் விதி தெரியும். இருவரின் ஆட்களும் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதும் தெரியும். மொழி தெரியாதவர்களுக்கு நாங்கள் வெந்நீர் பற்றிப் பேசுகிறோமா யுரேனியம் பற்றிப் பேசுகிறோமா என்று எப்படித் தெரியும்? அதை நான் அப்போது யோசிக்கவில்லை. அவர் யோசித்திருப்பார்.

ஐந்தாவது சுற்றில் எல்லாம் குழம்பியது. அந்த நாடு எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு கட்டடத்தில் பரிசோதகர்கள் துணியால் துடைத்தெடுத்த தூசியில், இருக்கக்கூடாத யுரேனியத் துகள்கள் இருந்தன. மறுபக்கத் தலைவர் அதைச் சதி என்றார். எங்கள் பக்கத்தில் இரண்டு நாடுகள் எழுந்து போகத் தயாராக நின்றன. எழுந்து போனால் அடுத்தது என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு நாட்டின் விமானங்கள் ஏற்கெனவே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தன.

காலை இடைவேளையில் பேராசிரியர் என்னிடம் வந்தார். அன்று வானிலை இல்லை, முதுகுவலி இல்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தக் கட்டடத்தில் யாரும் எதுவும் செய்யவில்லை. பழைய ஆய்வகம் ஒன்றை இடித்தார்கள். அங்கிருந்த பம்புகளை வைக்க இடமில்லாமல் இங்கே கொண்டுவந்து அடுக்கினார்கள். தூசி அவற்றோடு வந்தது. சரக்குப் பதிவேடு இருக்கிறது. அதைக் கேளுங்கள்."

"ஏன் உங்கள் தலைவர் இதைச் சொல்லவில்லை?"

"சொன்னால், அப்படி ஒரு பழைய ஆய்வகம் இருந்தது என்று தாங்களாகவே ஒப்புக்கொண்டதாகிவிடும். அது அவர்களுக்குத் தோல்வி. நீங்கள் கேட்டு, அவர்கள் கொடுத்தால் அது பெருந்தன்மை. கேட்டால் கொடுப்பார்கள். எனக்குத் தெரியும்."

பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "நான் சொன்னதாக இருக்கக்கூடாது."

"இருக்காது" என்றேன்.

கோப்பையை வைத்துவிட்டுப் போனார். அந்தப் பேச்சு மூன்று நிமிடம்கூட நீடித்திருக்காது.

நான் நேரே தூதுவரிடம் போனேன். நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். கத்தமாட்டார், யாரையும் அவமதிக்கமாட்டார். அன்று அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் அமைச்சர் தொலைபேசியில் வருவார், பேச்சு முறிந்தது என்று அறிவிப்பார் என்றார்.

"அறிவிக்க வேண்டாம். பழைய சரக்குப் பதிவேட்டைக் கேளுங்கள்" என்றேன்.

"என்ன பதிவேடு?"

சொன்னேன்.

"இது உங்கள் கணிப்பா?"

"ஆம். துகள்களின் வகையைப் பார்த்தால் பொருந்துகிறது."

"உங்கள் கணிப்பை வைத்து நான் ஓர் அமைச்சரை நிறுத்த முடியாது. யாராவது சொன்னார்களா?"

நான் பேசாமல் நின்றேன். என் மௌனமே பதிலாகிவிட்டது.

"சரி. மறுபக்கத்து ஆள். தலைவர்களில் ஒருவரா, விஷயம் தெரிந்தவரா?"

"விஷயம் தெரிந்தவர்."

"எந்த மொழியில் பேசினார்? இவர்களுடைய ஆங்கிலத்தை நம்பி ஏற்கெனவே ஒருமுறை அவமானப்பட்டிருக்கிறோம்."

"ஆங்கிலம் இல்லை. பிழையாக விளங்கிக்கொள்ள இடமே இல்லை."

"அதை எழுதித் தாருங்கள். மூன்று வரி போதும். பெயர் வேண்டாம்."

ஹோட்டல் பெயர் பொறித்த தாளில் நின்றபடியே எழுதினேன். முதல் வரி, தூசி எங்கிருந்து வந்தது என்பது. இரண்டாவது வரி, எதைக் கேட்க வேண்டும் என்பது. மூன்றாவது வரி இது: 'தகவல் தந்தவர் துறை அறிந்தவர், உரையாடல் ஜேர்மன் மொழியில் நேரடியாக நடந்ததால் மொழிபெயர்ப்புப் பிழைக்கு வாய்ப்பில்லை.'

பெயர் இல்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. வாக்கு தவறவில்லை என்று நினைத்தேன். மறுபக்கக் குழுவில் ஜேர்மன் மொழி தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்ததை நினைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு. உங்களுக்கு அது விளங்க இன்னும் சில வருடம் எடுக்கும்.

அந்த இருபது நிமிடத்தைப் பற்றியும் சொல்கிறேன். அமைச்சர் ஏதோ திறப்பு விழாவில் இருந்தாராம். தொலைபேசி மாலையில்தான் வந்தது. எனக்கு ஏழு மணி நேரம் இருந்திருக்கிறது. ஏழு மணி நேரத்தில் ஒரு மனிதனால் நூறு வரி எழுதி நூறையும் கிழித்துப் போட முடியும். அவசரம் என்று உங்கள் முன் யாராவது வந்து நின்றால், இதை யார் வைத்த அவசரம் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் வைத்திருக்கமாட்டார்கள். பழக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

குறிப்பு வேலை செய்தது. அமைச்சர் அறிவிக்கவில்லை. தூதுவர் அடுத்த நாள் காலை அமர்வில், யாரையும் குற்றம் சாட்டாத குரலில், பதிவேட்டைக் கேட்டார். மறுபக்கத் தலைவர் ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தார். பிறகு, நல்லெண்ணத்தின் அடையாளமாகத் தருகிறோம் என்றார். பேராசிரியர் சொன்னபடியே நடந்தது. நான் எதிரே பார்த்தேன். அவர் தன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

குறிப்பைத் தூதுவர் நட்பு நாடுகளின் குழுக்களுக்குக் காட்டினார். காட்டாமல் அவர்களை நாற்காலியில் உட்கார வைத்திருக்க முடியாது. அவர் இடத்தில் நானும் காட்டியிருப்பேன். அவர்களில் யாரோ தங்கள் தலைநகருக்கு அனுப்பினார்கள். அங்கே யாரோ ஒரு பத்திரிகையாளருக்குச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் உள்பக்கத்தில் ஒரு பத்தி வந்தது. அந்நாட்டு விஞ்ஞானி ஒருவர் ஜேர்மன் மொழியில் உண்மையை ஒப்புக்கொண்டார் என்று.

அலுவலகத்தில் என் மேசையில் காலைக் கோப்பில் அந்தப் பத்தியும் இருந்தது. வாசித்தேன். எழுந்து போய்க் கையைக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியாது. திரும்பி வந்து மறுபடி வாசித்தேன்.

ஆறாவது சுற்றில் எனக்கு நேர் எதிரே ஓர் இளைஞர் இருந்தார். புதிய பெயர்ப்பலகை. இடைவேளையில் அவர்களுடைய குழுச் செயலாளரிடம் போய், சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"பேராசிரியருக்கு உடம்பு சரியில்லையா?"

அவர் மிக மரியாதையாகப் புன்னகைத்தார். "எந்தப் பேராசிரியர்?"

ஐந்து சுற்றுகளாக அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவரைப் பற்றி இந்தக் கேள்வி.

தூதுவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறியது. நடிப்பு இல்லை. விசாரிக்க முடியாதா என்று கேட்டேன்.

"விசாரித்தால் அவர்தான் என்று நாமே உறுதி செய்ததாகிவிடும்" என்றார். பிறகு, "நாம் ஒரு போரை நிறுத்தினோம். அதை மறக்காதீர்கள்" என்றார்.

அவர் சொன்ன இரண்டுமே சரி. அதனால்தான் எனக்கு அவரோடு சண்டை பிடிக்க முடியவில்லை. இந்தத் தொழிலில் உங்களை வாயடைக்கப்போவது பொய்கள் அல்ல. இப்படிப்பட்ட சரியான வாக்கியங்கள்தான்.

வீட்டுக்கு வந்தேன். என் கணவர் டோர்ட்மண்டில் பேருந்து ஓட்டியவர். என் வேலையைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்தோம். நாடு, ஆள் எதையும் சொல்லாமல், இப்படி ஒரு வரி எழுதினேன், ஓர் ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பேர் எழுதேல்லை எண்டுறீர்?"

"எழுதேல்லையப்பா. சத்தியமா எழுதேல்லை."

"தலையாட்டியும் பேர் சொல்லுறேல்லைத்தானே" என்றார்.

உங்களில் இங்கே பிறந்தவர்களுக்கு இது விளங்காமல் போகலாம். இராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைத்து ஆண்களையெல்லாம் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் ஒரு வண்டியில் உட்கார்ந்திருப்பான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வரிசை அவன் முன்னால் ஒவ்வொருவராக நகரும். அவன் பேசமாட்டான். தலையை ஆட்டினால் அந்த ஆளைத் தனியாக எடுத்துவிடுவார்கள். என் கணவர் பதினெட்டு வயதில் அந்த வரிசையில் நின்றவர். அவருக்கு முன்னால் நின்றவனுக்குத் தலை ஆடியது. இவருக்கு ஆடவில்லை.

"உம்மைக் குத்திக்காட்டேல்லை. நீர் கேட்டபடியால் சொன்னனான்" என்றார். பிறகு என் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தை அவர் எடுத்ததே இல்லை. போன வருடம் அவர் இறக்கும்வரை.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஏற்றுக்கொண்டேன். மறுத்தேன் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஏற்றுக்கொண்டேன். உடன்படிக்கையும் கையெழுத்தானது. ஆற்றங்கரையில் நின்று எல்லாரும் கைகுலுக்கினார்கள். சில வருடம் அது தாக்குப்பிடித்தது. பிறகு கையெழுத்திட்டவர்களில் ஒருவர் எழுந்து போனார், அதன்பிறகு மறுபக்கமும் வரம்புகளை மீறத் தொடங்கியது, கடைசியில் குண்டுகள் விழுந்தன. நான் அப்போது ஓய்வில் இருந்தேன். தொலைக்காட்சியில் மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு கட்டடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்கள். பம்புகள் அடுக்கியிருந்த கட்டடம். நாங்கள் அந்த மனிதரைக் கொடுத்து வாங்கியது சில வருட அவகாசம் மட்டும்தான் என்று அன்று தெரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

ஒருநாள் சங்கவி தொலைபேசியில் வந்தாள். டோர்ட்மண்டில் வழக்கறிஞராக இருக்கிறாள், அகதி வழக்குகள் பார்ப்பவள். அவளுடைய தாயும் நானும் ஒரே அகதி முகாமில் இருந்தவர்கள்.

"அன்ரி, ஒரு பிள்ளையின்ர கேஸ் வந்திருக்கு. உங்களோட கொஞ்சம் கதைக்கோணும். ஃபோனில ஏலாது. எப்ப வரலாம் எண்டு ஒரு தெர்மின் தாங்கோ."

"எனக்கென்ன தெர்மின், நான் சும்மாதானே இருக்கிறன். நாளைக்கு வாறன்" என்றேன்.

அவளுடைய அலுவலகத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, சுத்தமான, கொஞ்சம் பழைய ஜேர்மன் மொழியில் வணக்கம் சொன்னாள். அவள் வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பேராசிரியரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். நான்கு மாதம் கழித்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, திறக்கக்கூடாது என்றார்களாம். பல வருடம் கழித்து அவளையும் விசாரிக்கத் தொடங்கியபோது அவள் தப்பி இங்கே வந்திருக்கிறாள். அகதி அலுவலகம் அவளுடைய கோரிக்கையை நிராகரித்துவிட்டது; அதை எதிர்த்துச் சங்கவி நீதிமன்றம் போயிருந்தாள்.

"விவரம் காணாதாம், அன்ரி" என்றாள் சங்கவி தமிழில். "தேப்பனை என்னத்துக்குப் பிடிச்சவை எண்டதுக்கு ஆதாரம் இல்லையாம். இவவிட்ட இருக்கிறது அப்ப பேப்பரில வந்த ஒரு துண்டும், தேப்பன் சொன்ன ஒரு கதையும்தான். ஜேர்மன் குழுவில இலங்கையில பிறந்த பொம்பிளை ஒராள் இருந்தவாவாம், அவவோட ஜேர்மன் கதைக்கிறவராம். அந்த நேரம் நீங்கள்தானே போனனீங்கள்? அம்மா கோயிலில எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சவா."

நானும் ஒரே ஒரு அடையாளத்தில்தான் அகப்பட்டேன்.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாட்சி சொன்னால் போதும் என்று நினைத்து வந்திருந்தாள். அப்பா உங்களோடு பேசியது உண்மை என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். அது எளிதாக இருந்திருக்கும். பேசினோம், வெந்நீர் வாங்கினோம் என்று சொல்லிவிட்டு நல்லவளாகவே அந்த அறையிலிருந்து வெளியே வந்திருக்கலாம்.

"பேசியது மட்டுமில்லை. அதை எழுதியதும் நான்தான்" என்றேன்.

முழுவதையும் சொன்னேன். அவள் குறுக்கிடவில்லை. முடிந்ததும், "அந்த வரியைச் சொல்லுங்கள்" என்றாள். "எழுதியபடியே."

சொன்னேன். எத்தனையோ வருடம் கழித்தும் ஒரு சொல் பிசகவில்லை. அவள் உதட்டுக்குள் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தன் கையில் இருந்த பத்திரிகைத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சாட்சி சொல்வீர்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஓய்வு பெற்றவர்களும் பணியில் அறிந்ததை நீதிமன்றத்தில் சொல்ல அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். விண்ணப்பித்தேன். யாருடைய பெயரையும் சொல்லக் கேட்கவில்லை, நாட்டு இரகசியம் எதையும் திறக்கச் சொல்லவில்லை. ஒரு மனிதர் ஒரு பெண்ணோடு பேசினார், அது வெளியே போனது என்று மட்டும் சொல்ல அனுமதி கேட்டேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. இரண்டு பத்தி. சாட்சியம் ஜேர்மன் கூட்டாட்சி அரசின் நலனுக்குப் பாதகமாக அமையலாம் என்பதால் அனுமதி மறுக்கப்படுகிறது. அழகான ஜேர்மன். பிழையே இல்லை.

அடியில் இருந்த கையெழுத்து உங்கள் மூவரில் ஒருவருடையது.

யாரென்று எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியும். என் வீட்டில் தேநீர் குடித்தபோது நீங்கள் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதையும் கவனித்தேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலே இருந்து முடிவு வந்திருக்கும், வரைவு தயாராக இருந்திருக்கும், இன்றைக்கே போகவேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நானும் போட்டிருப்பேன். என்னைப்போல நீங்களும் ஆகிவிடுவீர்களோ என்றுதான் பயம். அந்தப் பயத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நீதிமன்ற விசாரணை நாளில் போனேன். சங்கவி வாசலில் நின்று என் கையைப் பிடித்தாள்.

"அன்ரி, அனுமதி இல்லாமல் உங்களைக் கேக்க மாட்டினம். நீங்கள் வாய் திறந்தால் உங்களுக்குத்தான் பிரச்சினை. சும்மா வந்து இருங்கோ, காணும்."

"நான் சும்மா இருந்து இருந்துதான் இவ்வளவும்" என்றேன்.

நீதிபதி என் வயதுக்காரி. என் பெயர், பிறந்த இடம், தொழில் கேட்டார். அனுமதிக் கடிதம் உண்டா என்றார். மறுத்துவிட்டார்கள் என்றேன்.

"அப்படியானால் பணி சார்ந்த எதையும் நான் உங்களிடம் கேட்க முடியாது. நீங்கள் போகலாம்."

நான் எழும்பவில்லை. "இவருடைய தகப்பனாரை அடையாளம் காட்டிய வரியை எழுதியவள் நான்" என்றேன். "அவர் ஒரு போரைத் தடுப்பதற்காக என்னிடம் பேசினார். அதனால்தான் அவரைக் கொன்றார்கள்."

நீதிபதி தன் முன்னால் இருந்த ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தார். இங்கே நீதிபதி தன் வாயால் அதில் சொல்வது மட்டும்தான் பதிவாகும். அவர் எதையும் சொல்லவில்லை. "இதை நான் பதிவில் சேர்க்க முடியாது" என்றார். குரலில் கடுமை இல்லை. அந்த அறையில் ஒரே ஒரு பேனா மட்டும் எழுதிக்கொண்டிருந்தது. அது அகதி அலுவலகத்தின் பிரதிநிதியுடையது. அந்தக் குறிப்பு என் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, இப்போது என்மேல் ஒழுங்கு விசாரணை நடக்கிறது. உங்கள் காதுக்கு வந்திருக்கும்.

தீர்ப்பு தபாலில் வந்தது. சங்கவி எங்கள் இருவரையும் அழைத்து வாசித்துச் சொன்னாள். தகப்பனார் கொல்லப்பட்ட காரணம் நிரூபிக்கப்படவில்லை. அகதி என்ற தகுதி இல்லை. ஆனால் அவளுடைய நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருப்பதால் இப்போதைக்குத் திருப்பி அனுப்ப முடியாது. ஒரு வருடம் இருக்கலாம். பிறகு பார்க்கலாம்.

தகப்பன் உயிரைக் கொடுத்துத் தடுக்கப் பார்த்த அதே போர்தான் மகளுக்கு ஒரு வருட விசாவைக் கொடுத்தது.

"இப்போதைக்கு இது நல்லது" என்று சங்கவி அவளிடம் சொன்னாள். அவள் தலையசைத்து நன்றி சொன்னாள். அழவில்லை.

மகளும் நானும் ஒன்றாகவே படியிறங்கி வந்தோம். வெளியே குளிர். டிராம் தரிப்பிடம்வரை நடந்தோம். அங்கே அவள் நின்று என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் சொல்வதைப் பதிவு செய்யமாட்டார்கள் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"சங்கவி சொல்லியிருந்தாரா?"

"சொல்லியிருந்தார்."

"அப்படியென்றால் அதை யாருக்காகச் சொன்னீர்கள்?"

அவளுடைய குரலில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். எத்தனையோ அமர்வுகளில், எத்தனையோ பெரிய மனிதர்களின் கேள்விகளுக்கு ஒரு நிமிடத்தில் துண்டுத் தாளில் பதில் எழுதி நீட்டியவள் நான்.

டிராம் வந்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கதவு மூடப்போவதாக மணி அடித்ததும் ஏறிப் போனாள்.